செங்கிழங்கும் அடுக்களையும்



கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கன்னட நாட்டு எல்லைக்கு அணித்தாக, ஓசூரை ஒட்டி அமைந்த ஊர் மத்திகிரி. இங்குள்ள கால்நடைப் பண்ணை 1824-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. இன்று மத்திகிரி ஓசூர் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஒரு பக்கம் பார்த்தால் ஆலைகளின் புகைபோக்கிகள். மறுபக்கம் பார்த்தால் செம்மண் தோட்டங்கள். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இப்பகுதி அமைந்திருப்பதால், சமவெளியின் கடும் வெப்பம் இங்கே இல்லை. ஆகவே தளி, கெலமங்கலம், பாகலூர், தேன்கனிக்கோட்டை முதலிய ஊர்களைச் சுற்றி முட்டைகோசும் பீன்சும் காரட்டும் பீட்ரூட்டும் செழித்து விளைகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், பீட்ரூட்டை ஒரு வீட்டார் பொரியல் என்பர். அடுத்த வீட்டார் பல்யா என்பர். எதிர் வீட்டார் வேப்புடு என்பர். பெயர் மூன்றானாலும் வாணலி ஒன்றே.

இவ்வாறு நம் மண்ணில் ஊன்றிவிட்ட இக்கிழங்குக்கு அடுக்களையில் கிடைக்கும் வரவேற்பு என்ன? மாணவர் விடுதிகளில் உணவு முடிந்தபின் தட்டுகளைப் பாருங்கள். ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பது பெரும்பாலும் பீட்ரூட் பொரியலாகவே இருக்கும். மண் வாசனை அடிக்கிறது என்பார் ஒருவர். சோற்றையெல்லாம் சிவப்பாக்கிவிடுகிறது என்பார் மற்றொருவர். குழம்பில் இட்டால் வேகவே இல்லை என்று சலித்துக்கொள்வார் சமைத்தவர். இதற்கு நேர்மாறாக, இதைப் போல இரத்தத்தைப் பெருக்கும் பொருள் வேறில்லை என்று தலைமேல் வைத்துக் கொண்டாடுவாரும் உளர். பழிப்பார் கூற்றிலும் புகழ்வார் கூற்றிலும் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். இதன் குணங்களை அறிந்தவர் கையில் பீட்ரூட் சுவையான உணவாகும். அறியாதவர் கையில் அது வீணாகும். சில வேளைகளில் அவ்வறியாமை உடல்நலத்துக்கே ஊறு விளைக்கும். அஃது எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் இதன் குலத்தை அறிவோம். ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையிலும் மத்தியதரைக் கடற்கரையிலும் இன்றும் தானாக முளைத்துக் கிடக்கும் கடற்கரைக் கீரை ஒன்று உண்டு. அதுவே பீட்ரூட்டின் மூதாதை. பண்டைக் கிரேக்கரும் உரோமரும் இச்செடியைப் பெரிதும் கீரைக்காகவே வளர்த்தனர். வேரை மருந்தாகக் கொண்டனர். அந்த ஒரே இனத்திலிருந்து மனிதன் வெவ்வேறு தேவைகளுக்காகத் தேர்ந்தெடுத்துப் பயிரிட்டதால் வெவ்வேறு பயிர்கள் தோன்றின. வேர் பருத்ததைத் தேர்ந்தான், பீட்ரூட் கிடைத்தது. இலைக்காம்பு தடித்ததைத் தேர்ந்தான். சுவிஸ் சார்ட் என்னும் கீரை கிடைத்தது. கால்நடைகளுக்காகப் பேருருவம் கொண்டதைத் தேர்ந்தான். தீவன பீட் கிடைத்தது. நம் நாட்டுச் சந்தைகளில் பாலக் என்று விற்கப்படும் கீரையில் பெரும்பகுதி இதே இனத்தைச் சேர்ந்ததுதான் என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ? நம் தண்டுக்கீரையும், சக்கரவர்த்திக் கீரையும் பீட்ரூட் பிறந்த அதே தாவரக் குடும்பத்தினவே. ஆகவே கீரைக்கும் பீட்ரூட்டுக்கும் உள்ள உறவு அண்டை வீட்டு உறவன்று, இரத்த உறவு.

இக்குடும்பத்தின் மற்றொரு பிள்ளை உலக வரலாற்றையே அசைத்தது. 1747-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து வேதியியலார் ஆந்திரேயஸ் மார்க்கிராப் என்பவர், பீட் வேரிலிருந்து பிரித்தெடுத்த சர்க்கரையும் கரும்புச் சர்க்கரையும் ஒன்றே என்று கண்டார். அவருடைய மாணவர் பிரான்ஸ் கார்ல் அக்கார்டு 1801-இல் சைலீசியாவில் முதல் பீட் சர்க்கரை ஆலையை நிறுவினார். ஆங்கிலேயரின் கடல் வலிமையால் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புச் சர்க்கரை வருவது தடைப்பட்டபோது, நெப்போலியன் 1811-இல் பீட் பயிரிடுமாறு ஆணையிட்டான். அன்று ஊன்றிய தொழில் இன்றும் ஐரோப்பாவில் நிலைத்திருக்கிறது. சர்க்கரை பீட்டின் நிறம் வெண்மை. அதில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை சர்க்கரை இருக்கும். நாம் பொரியல் செய்யும் சிவப்புக் கிழங்கில் ஏறத்தாழ ஏழு பங்குதான். எனினும் காய்கறிகளுள் அஃது இனிப்பு மிகுந்ததே. இதனால்தான் வெறும் உப்பும் மிளகாய்ப் பொடியும் இட்டுப் புரட்டிய பீட்ரூட் சிலருக்குத் திகட்டுகிறது. இனிப்பை எதிர்த்து நிற்க அதற்குப் புளிப்போ, காரமோ, தயிரோ துணை வேண்டும்.

இனி, நறுக்கிப் பார்ப்போம். குறுக்கே வெட்டினால் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். மரத்தில் தெரியும் ஆண்டு வளையங்கள் போன்றவை அல்ல இவை. பீட்ரூட்டில் வளர்ச்சித் திசு ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் பல அடுக்குகளாகத் தோன்றுகிறது. சாறு செல்லும் குழாய்த் திசு ஒரு வளையம். உணவைச் சேமிக்கும் திசு அடுத்த வளையம். இப்படி மாறி மாறி அமைகின்றன. வெப்பம் மிகுந்த காலத்தில் விளைந்த கிழங்கில் இவ்வளையங்கள் வெளிறி, சிவப்பும் வெண்மையும் கலந்து தோன்றும். குளிர்ந்த பருவத்தில் விளைந்ததில் சிவப்பு ஒரே சீராகப் பரவியிருக்கும். ஓசூர்ப் பகுதியின் குளிர்ச்சி இக்கிழங்குக்கு ஏற்றதாவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. முற்றிய கிழங்கில் நார் ஏறிவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் பஞ்சு போல் ஆகாது. ஆகவே சந்தையில் வாங்குவோர் பெருத்ததைத் தேடாமல், கைப்பிடிக்குள் அடங்கும் அளவில், தோல் வழவழப்பாக, அழுத்தினால் கெட்டியாக உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது நிறம். மலர்களிலும் கனிகளிலும் நாம் காணும் சிவப்பும் நீலமும் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்னும் சாயத்தால் உண்டாவன. சங்குப்பூவிலும் செங்கோசிலும் உள்ளது அதுவே. பீட்ரூட்டின் சிவப்போ முற்றிலும் வேறானது. அதன் பெயர் பீட்டாலயின். காகிதப்பூ, அந்திமந்தாரை, கோழிக்கொண்டை, சப்பாத்திக்கள்ளிப் பழம், பசலைப் பழம் ஆகியவற்றின் நிறமும் பீட்டாலயினே. இயற்கையின் விந்தை யாதெனில், பீட்டாலயின் உள்ள செடியில் ஆந்தோசயனின் இராது. ஆந்தோசயனின் உள்ள செடியில் பீட்டாலயின் இராது. ஒரே வீட்டில் இரண்டும் குடியிருந்ததாக இதுவரை காணப்படவில்லை.

இந்த வேற்றுமையை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். சங்குப்பூ ஊறிய நீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நீலம் போய் ஊதாவாக மாறும். பீட்ரூட் நீரில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் பெரிதாக மாறாது. ஆனால் அதே பீட்ரூட் நீரில் சுண்ணாம்பின் தெளிநீரை ஊற்றிப் பாருங்கள். சிவப்பு மறைந்து மஞ்சளாகும். புளிப்பு பீட்டாலயினுக்கு நண்பன். காரம், அதாவது சுண்ணாம்பு, சோடா போன்றவற்றின் தன்மை, அதற்குப் பகைவன் என்பது இதனால் விளங்கும். வெப்பமும் வெளிச்சமும் காற்றும்கூட அதற்குப் பகையே. நெடுநேரம் கொதித்தால் சிவப்புச் சிதைந்து பழுப்பாகும். ஆனால் ஒரு நயம் உண்டு. சிதைந்த சாயத்தின் துண்டுகள், சாறு ஆறும்போது மீண்டும் ஓரளவு ஒன்றுசேரும். அடுப்பிலிருந்து இறக்கும்போது மங்கியிருந்த கிழங்கு, ஆறியபின் சற்றே பளிச்சிடுவது இதனால்தான்.

அப்படியானால் தொடக்கத்திலேயே புளியைக் கரைத்து ஊற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சமையல் செய்வோர் இடறி விழுகின்றனர். காய்களின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. அது கரைந்தால்தான் காய் மென்மையாகும். புளிப்பில் பெக்டின் எளிதில் கரைவதில்லை. ஆகவே புளியை முதலில் ஊற்றினால் நிறம் நிற்கும். ஆனால் காய் வேகாது. சோடா உப்பு இட்டால் காய் விரைவில் வேகும். ஆனால் நிறமும் கெடும், உயிர்ச்சத்துகள் சிலவும் அழியும். சுண்ணச்சத்து மிகுந்த ஆழ்கிணற்று நீரிலும் பெக்டின் இறுகி நிற்பதால் வேகுவதற்கு நேரம் கூடும். இதற்குத் தீர்வு எளியது. முதலில் வெறும் நீரிலோ ஆவியிலோ வேகவையுங்கள்; மென்மையான பின் புளியோ எலுமிச்சையோ சேருங்கள். முன்னே தீ, பின்னே புளி. இந்த ஒரு விதியை மறவாதிருந்தால் பாதிச் சமையல் கைகூடும்.

இன்னொரு விதியும் உண்டு. தோலைச் சீவி, துண்டுகளாக்கி, நிறைய நீரில் கொதிக்கவைத்து அந்நீரைக் கொட்டிவிடுவோர் பலர். பீட்டாலயின் நீரில் கரையும். போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தும் நீரில் கரையும். இரண்டும் சாக்கடைக்குச் செல்கின்றன. அதற்கு மாறாக, காம்பில் ஓர் அங்குலத்தையும் அடியில் உள்ள வால் போன்ற வேரையும் நறுக்காமல், தோலோடு முழுதாக வேகவையுங்கள். பானையில் முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். பிரஷர் குக்கரில் மிகக் குறைந்த நேரமே போதும். வெந்தபின் தோல் விரலாலேயே உரிந்து வந்துவிடும். பிறகு நறுக்கி, கடுகு, உளுத்தம் பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவல் தூவி, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் விடுதிப் பொரியலுக்கும் இதற்கும் உள்ள தொலைவு விளங்கும்.

மண் வாசனை பற்றிக் கூறினேன். கோடை வெப்பத்தில் காய்ந்த நிலத்தில் முதல் மழை விழும்போது எழும் மணத்தை நாம் எல்லோரும் விரும்புகிறோம். அம்மணத்துக்கு முதன்மையான காரணம் ஜியோஸ்மின் என்னும் பொருள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. பீட்ரூட்டின் வாசனைக்கும் அதே ஜியோஸ்மின்தான் காரணம். மிக மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் மனிதரின் மூக்கு அதை உணர்ந்துவிடும். மழையில் மணமாக இருப்பது தட்டில் நாற்றமாவது விந்தையே. இப்பொருள் தோலில் மிகுதியாக இருக்கிறது. புளிப்புப் பட்டால் சிதைந்து மணமற்றுப் போகிறது. ஆகவே நன்றாகக் கழுவித் தோலை நீக்கிவிட்டு, எலுமிச்சையோ தயிரோ சேர்த்தால் இந்தக் குறை பெரிதும் நீங்கும். நம் வீடுகளில் பீட்ரூட்டைத் தயிர்ப் பச்சடியாக்குவதிலும், உக்ரேனியர் தம் புகழ்பெற்ற போர்ஷ் என்னும் பீட்ரூட் சாற்றில் புளிப்புச் சேர்ப்பதிலும் உள்ள நுட்பம் ஒன்றே. மொழியும் நாடும் அறியாத இரண்டு அடுக்களைகள் ஒரே உண்மையைக் கண்டறிந்திருக்கின்றன. போர்ஷ் சமைக்கும் உக்ரேனிய மரபை 2022-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பாதுகாக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இனி வகைகள். உலகெங்கும் பரவியுள்ள சிவப்பு வகை, டெட்ராய்ட் டார்க் ரெட் என்பது. 1892-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இவ்வகை நம் நாட்டிலும் நெடுங்காலமாகப் பயிராகிறது. உருண்டை வடிவம், கருஞ்சிவப்புச் சதை. பொரியலுக்கும் கூட்டுக்கும் ஏற்றது. கிரிம்சன் குளோப் என்பது மற்றொன்று. உதகையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊட்டி-1 என்னும் வகைக்குத் தனிச் சிறப்பு உண்டு. பீட்ரூட் ஈராண்டுப் பயிர். முதலாண்டில் கிழங்கு திரளும். கடுங்குளிரைக் கண்டபின்னரே பூத்து விதை கட்டும். ஆகவே நம் சமவெளியில் கிழங்கு கிடைத்தாலும் விதை கிடைப்பதில்லை. நீலகிரியின் குளிரில் விதை கட்டக்கூடியது ஊட்டி-1. விதைக்காக அயலாரை எதிர்பார்த்து நிற்கும் உழவருக்கு இது சிறிய செய்தி அன்று.

அயல்நாடுகளில் விளங்கும் வேறு சில வகைகளும் உண்டு. அவற்றுள் பொன்னிற பீட்டில் சிவப்புச் சாயம் இல்லை. மஞ்சள் பீட்டாலயின் மட்டுமே உண்டு. சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் சாயம் ஏற்றாது என்பது அதன் நற்குணம். நறுக்கிவைத்தால் காற்றுப் பட்டு விரைவில் கறுத்துவிடும் என்பது அதன் தீக்குணம். வெனிஸ் நகரை அடுத்த கியோஜா என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய இத்தாலிய வகையை வெட்டினால், சிவப்பும் வெண்மையுமான வளையங்கள் ஓவியம் போல் தோன்றும். அழகைக் கண்டு மயங்கி வேகவைத்தால், வளையங்கள் கரைந்து வெளிறிப்போகும். அதைப் பச்சையாக மெல்லியதாகச் சீவி, எலுமிச்சையும் உப்பும் சேர்த்து உண்பதே முறை. வெண்ணிற பீட்டும் உண்டு. அதில் இனிப்பு இருக்கும், நிறம் இராது.

நேயர்களே, தொடக்கத்தில் உடல்நலத்துக்கு ஊறு என்று கூறினேனே, அதற்கு இப்போது வருகிறேன். பீட்ரூட் சாறு சிவப்பு; இரத்தமும் சிவப்பு; எனவே பீட்ரூட் இரத்தத்தைப் பெருக்கும் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. இரத்தத்துக்குச் சிவப்பைத் தருவது இரும்பைத் தாங்கிய ஈமோகுளோபின். பீட்ரூட்டுக்குச் சிவப்பைத் தருவது இரும்பே இல்லாத பீட்டாலயின். நிறம் ஒன்றானால் குணமும் ஒன்றாகுமா? நூறு கிராம் பீட்ரூட்டில் உள்ள இரும்பு ஏறத்தாழ 0.8 மில்லிகிராம்தான். பள்ளி மாணவ மாணவியர்க்கு வாரம் ஒரு முறை வழங்கப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அந்த ஒரு மாத்திரையின் இரும்பைப் பீட்ரூட்டிலிருந்து பெற வேண்டுமானால் ஏழரைக் கிலோ உண்ண வேண்டும்!

2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தச்சோகை உடையவர். ஒரு கல்லூரி வகுப்பில் இரண்டு மாணவியருள் ஒருவர் என்று கொள்ளலாம். படிக்கும்போது களைப்பு, படியேறினால் மூச்சுத் திணறல், மனம் ஒன்றாமை ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவும் ஒரு காரணமாகலாம். இந்நிலையில், கொடுத்த மாத்திரையை மேசைக்கடியில் எறிந்துவிட்டு, நாள்தோறும் ஒரு குவளைப் பீட்ரூட் சாறு குடிக்கிறேனே என்று ஒரு மாணவி அமைதி கொள்வாளானால், அந்தச் சிவப்பு அவளை ஏமாற்றுகிறது என்றே சொல்ல வேண்டும். கண்ணால் காண்பதும் பொய் என்று நம் முன்னோர் கூறிய பழமொழி இங்கே முற்றும் பொருந்தும். களைப்பு நீடித்தால் மருத்துவரிடம் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்வதே தீர விசாரிப்பதாகும்.

ஆயினும், பீட்ரூட்டைப் பழிப்பதும் முறையன்று. அதில் போலிக் அமிலம் நன்றாக இருக்கிறது. புதிய இரத்த அணுக்கள் உண்டாவதற்கு அது வேண்டும். அதிலுள்ள நைட்ரேட் உப்புகள் உடலில் மாறுதலுற்று இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, பீட்ரூட் சாறு அருந்தியோர் கடும் உடற்பயிற்சியைக் கூடுதல் நேரம் தாங்கினர் என்று காட்டியது. இனி, நாம் குப்பையில் எறியும் பீட்ரூட் இலையைப் பாருங்கள். கிழங்கைப் போல மூன்று மடங்கு இரும்பு அதில் இருக்கிறது. பருப்போடு கடைந்து மசியலாக்கலாம். ராகிக் களிக்கு அதைவிடச் சிறந்த துணை அரிது. இலையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் இரும்பு உடலில் சேர்வதை ஓரளவு தடுக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. உணவோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் இரும்பு சேர்வது எளிதாகும். சிறுநீரகத்தில் கல் உண்டாகும் இயல்புடையோர் மருத்துவரைக் கேட்டே இதை மிகுதியாக உண்ண வேண்டும்.

ஓர் அச்சத்தையும் போக்கிவிடுகிறேன். பீட்ரூட் உண்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும். நூற்றில் பத்துப் பேருக்கு மேல் இவ்வாறு நேர்வதுண்டு. செரிக்காத சாயமே அவ்வாறு வெளியேறுகிறது. அதனால் தீங்கு ஒன்றும் இல்லை. பீட்ரூட் உண்ணாத நாளில் அவ்வாறு நேர்ந்தால் மட்டும் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

மாணவ நண்பர்களே, சமையல் என்பது தாய்மாரும் விடுதிச் சமையற்காரரும் மட்டும் அறிய வேண்டிய தொழிலன்று. வேதியியல் வகுப்பில் அமிலம், காரம் என்று படிக்கிறீர்கள். தாவரவியல் வகுப்பில் திசு என்று படிக்கிறீர்கள். அவையெல்லாம் ஒரு கிழங்கில் ஒன்றுகூடி உங்கள் தட்டுக்கே வருகின்றன. அடுத்த முறை செம்மண் ஒட்டிய பீட்ரூட்டைச் சந்தையில் காணும்போது, இலையோடு வாங்குங்கள். முழுதாக வேகவையுங்கள். புளிப்பைப் பின்னர்ச் சேருங்கள். இலையையும் உண்ணுங்கள். வாரந்தோறும் கிடைக்கும் மாத்திரையை மறவாமல் விழுங்குங்கள். கிழங்கு கிழங்கின் வேலையைச் செய்யட்டும். மருந்து மருந்தின் வேலையைச் செய்யட்டும். எல்லைப்புறத்து உழவர் பனியிலும் வெயிலிலும் பாடுபட்டு விளைத்த பொருள் தட்டின் ஓரத்தில் ஒதுங்காமல் உடலில் சேருவதற்கு இவ்வளவு அறிவு போதும்.